பறவைக்கு மகுடம், பெருக்குகிறவர்களுக்கு என்ன?

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு அட்டைப்படம் தேடுகிறார்கள். கல்கத்தா நகரத்தின் பழைய ஆங்கிலேயர் காலத்துச் சின்னத்தை அட்டையில் போடலாம், அதையே பெரிய கொடியாகத் தைத்து மேடைக்குப் பின்னால் தொங்கவிடலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. செயற்குழுவில் பலருக்கு அது பிடித்தும் போய்விட்டது. "நூறு வருஷத்துக்கு மேல் பழமை உள்ள சின்னம். பார்க்கவும் எடுப்பாக இருக்கிறது. இந்த ஊரில் நாமும் வேரூன்றியவர்கள் என்று காட்டும்" என்கிறார்கள்.

வேண்டாம் என்கிறேன் நான். ஏன் வேண்டாம் என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன். மாற்றுக் கருத்து உள்ள தோழர்கள் அடுத்த இதழில் தாராளமாக மறுத்து எழுதட்டும். வாதம் செய்து முடிவெடுப்பது நம் சங்கத்துக்குப் புதிதல்ல.

கொடி என்றால் மூன்று முழத் துணிதானே, இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். 1932 ஜனவரியில் திருப்பூர் வீதியில் போலீஸ் தடியடியில் விழுந்தபோதும் கொடியை விடாத குமரன் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. துணி என்ன விலை விற்கும் என்பது அவருக்குத் தெரியாததா? ஒரு கொடியின் கீழ் நின்றால் அது சொல்லும் சேதிக்கு நாமும் ஜவாப்தாரி ஆகிறோம். ஆகவே இந்தச் சின்னம் என்ன சேதி சொல்லுகிறது என்று முதலில் படித்துப் பார்ப்போம்.

சின்னம் சொல்லும் சேதி

இந்தச் சின்னம் கல்கத்தாவுக்கு 1896-இல் வழங்கப்பட்டது. அன்று கல்கத்தாதான் பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகர். நடுவில் ஒரு கேடயம். அதை இரண்டு பக்கமும் தாங்கி நிற்பவை இரண்டு பறவைகள். ஒவ்வொன்றின் அலகிலும் ஒரு பாம்பு; தோளில் ஒரு மகுடம். அடியில் லத்தீன் மொழியில் ஒரு வாசகம்: "பெர் ஆர்துவா ஸ்தாபிலிஸ் எஸ்தோ". இடர்களுக்கு நடுவே உறுதியாய் நில் என்று பொருள். இந்த ஊர் மக்கள் பேசிய வங்காளி, இந்தி, உருது, ஒரியா எதிலும் அதை எழுத ஆள்வோருக்கு மனம் வரவில்லை. யாருக்குப் புரியக்கூடாதோ அவர்களுக்குப் புரியாத மொழியில் எழுதி வைத்தார்கள்.

அந்தப் பறவை எது? ஏறக்குறைய ஐந்தடி உயரம்; மயிர் உதிர்ந்த மொட்டைத் தலை; கழுத்தின் கீழ் தொங்கும் பை; கனத்த அலகு. நாரை இனம். தமிழில் பெருநாரை என்பார்கள். வங்காளிகள் வைத்த பெயர் ஹாட்கிலா. ஹாட் என்றால் எலும்பு. கிலா என்றால் விழுங்குவது. எலும்பு விழுங்கி! ஆங்கிலேயர்களோ அது விறைத்து நடக்கும் நடையைப் பார்த்துத் தங்கள் படையில் இருந்த "அட்ஜூடன்ட்" என்ற அதிகாரியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கல்கத்தாவில் இந்தப் பறவைகள் ஏராளம். பெரிய மாளிகைகளின் கூரை மேல் வரிசையாக நிற்கும். ஆட்டிறைச்சிக் கடைக் கழிவு, செத்த நாய், மாடு, அரைகுறையாய் எரிந்து ஆற்றில் விடப்பட்ட பிணம் எதுவானாலும் அதற்கு உணவு. பாதாளச் சாக்கடை இல்லாத காலம். வெள்ளைக்காரத் துரைமார்களின் மூக்கைக் காப்பாற்றியது இந்தப் பறவை. ஆகவே அதைக் காக்கச் சட்டம் போட்டார்கள். ஒரு பறவையைக் கொன்றால் ஐம்பது ரூபாய் அபராதம்! அந்தக் காலத்தில் ஐம்பது ரூபாய் என்பது ஒரு கூலிக்காரன் பல மாதம் பாடுபட்டாலும் கண்ணால் காணாத தொகை.

பறவையைக் காத்தது தவறு என்று சொல்ல வரவில்லை. வாயில்லாத ஜீவனைக் காப்பது நல்ல காரியம். கேள்வி வேறு. அதே தெருவில் விடியுமுன் கூடையும் துடைப்பமும் ஏந்தி இறங்கிய மனிதர்களுக்கு எந்தச் சட்டம் காவல் நின்றது? எந்தக் கேடயத்தின் பக்கத்தில் அவர்கள் உருவம் இருக்கிறது?

"துப்புரவுக்கு மரியாதைதானே?"

செயற்குழுவில் ஒரு தோழர் கெட்டிக்காரத்தனமாக ஒரு வாதம் வைத்தார். "ஊரைச் சுத்தம் செய்கிற பறவைக்கு மகுடம் வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன். சிங்கம், புலி என்று போடாமல் குப்பை பொறுக்குகிற பறவையைப் போட்டதே துப்புரவுத் தொழிலுக்குச் செய்த மரியாதை அல்லவா?" என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். பறவை கூலி கேட்காது. முதலாம் தேதி சம்பளம் வரவில்லை என்று வாசலில் வந்து நிற்காது. பிரசவத்துக்கு விடுப்பு கேட்காது. சங்கம் வைக்காது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வரும்போது எந்த வார்டு, என்ன ஜாதி என்று விசாரிக்க வேண்டிய தொல்லையும் இல்லை. எச்சிலைத் தின்று எச்சிலிலேயே உயிர் வாழும். ஆள்வோருக்கு இதைவிட நல்ல துப்புரவுத் தொழிலாளி எங்கே கிடைப்பான்? மகுடம் சூட்டியதில் ஆச்சரியம் என்ன!

இன்னொன்றையும் கவனியுங்கள். சின்னம் வந்த 1896-க்குள் அந்தப் பறவை கல்கத்தாவில் அருகிவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநேகமாக மறைந்தே போயிற்று. வில்லியம் கிளார்க் என்ற பொறியாளர் வகுத்த திட்டப்படி 1870-களில் இந்த ஊருக்குச் செங்கல்லால் கட்டிய பாதாளச் சாக்கடை வந்துவிட்டது. குப்பையைக் கிழக்கே தாபா சதுப்பு நிலத்துக்குக் கொண்டுபோக நகரசபை தனியாக ஒரு ரயில் பாதையே வைத்திருந்தது. அதாவது, பறவை செய்த வேலையை மனிதர்கள் ஏற்றுக்கொண்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன. சாக்கடையில் இறங்கியவன் மனிதன். கூடை சுமந்தவன் மனிதன். குப்பை வண்டியில் அள்ளிப் போட்டவன் மனிதன். மகுடம் மட்டும் பறந்து போன பறவைக்கு!

அந்த மனிதர்கள் யார்? சோட்டா நாக்பூர் மலைக்காட்டிலிருந்து வந்த ஆதிவாசிகள். இந்த ஊரில் அவர்களைத் தாங்கர் என்று அழைத்தார்கள். பீகாரிலிருந்தும் ஐக்கிய மாகாணத்திலிருந்தும் வந்த தாழ்த்தப்பட்ட மக்கள். எல்லோரும் பிழைக்க வந்தவர்கள். நம்மைப்போல ஊரை விட்டு ஊர் வந்தவர்கள். திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் ரயிலேறி வந்த நாம், அவர்களுக்கு இளைய சகோதரர்கள்.

உறுதியாய் நின்றவர் யார்?

"இடர்களுக்கு நடுவே உறுதியாய் நில்" என்ற வாசகத்தை எடுத்துக்கொள்வோம். யாருடைய உறுதி?

சின்னம் வந்து மூன்றே ஆண்டுகளில், 1899-இல், ஒரு நகரசபைச் சட்டம் வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் எண்ணிக்கையை 50-லிருந்து 25-ஆக வெட்டியது. சுரேந்திரநாத் பானர்ஜி உள்ளிட்ட 28 பேர் ராஜினாமா செய்து வெளியேறினார்கள். இன்று மாநகராட்சிக் கட்டடம் இருக்கும் சாலைக்கு அவர் பெயர்தான். "உறுதியாய் நில்" என்றால் என்ன பொருள் என்று அப்போது ஊர் புரிந்துகொண்டது. ஆட்சி உறுதியாய் நிற்கும். மக்கள் ஒதுங்கி நிற்க வேண்டும்!

பிறகு காலம் மாறியது. 1923-இல் புதிய சட்டம். 1924-இல் சித்தரஞ்சன் தாஸ் மேயர். சுபாஷ் சந்திர போஸ் தலைமை நிர்வாக அதிகாரி. நகரசபை நம்மவர் கைக்கு வந்துவிட்டது என்று ஊரே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் துடைப்பம் பிடித்தவர்களுக்கு விடிந்ததா?

1928 மார்ச்சில் கல்கத்தாவின் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெளிநாட்டில் உயர்கல்வி படித்துத் திரும்பிய பிரபாவதி தாஸ்குப்தா என்ற பெண்மணி சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். தொழிலாளர்கள் அவரை அம்மா என்றே அழைத்தார்கள். கம்யூனிஸ்ட் இயக்கத்து முஸாபர் அகமது உடன் நின்றார். வாக்குறுதியை நம்பி வேலைக்குத் திரும்பினார்கள். வாக்குறுதி நிறைவேறாததால் ஜூனில் மறுபடியும் துடைப்பத்தைக் கீழே வைத்தார்கள். ஊர் நாறியது. அப்போதுதான் மாளிகைவாசிகளுக்குத் தெரிந்தது, தங்கள் ஊரைத் தாங்கி நிற்பது பறவை அல்ல என்பது! 1940-இல் யுத்த காலத்தில் மறுபடியும் ஒரு பெரிய வேலைநிறுத்தம். அந்த முறை முன்னால் நின்றவர் சகினா பேகம் என்ற முஸ்லிம் பெண்மணி.

அடுத்து வந்தது 1943. வங்காளப் பஞ்சம். சுமார் 30 லட்சம் பேர் மாண்டார்கள். கஞ்சித் தண்ணீருக்காகக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் கல்கத்தா நடைபாதைகளில் விழுந்து செத்தார்கள். அந்தப் பிணங்களை யார் எடுத்தது? மகுடம் தரித்த பறவையா? இந்துப் பிணங்களை எடுக்க ஹிந்து சத்கார் சமிதி, முஸ்லிம் பிணங்களை எடுக்க அஞ்சுமான் மொஃபிதுல் இஸ்லாம். அவற்றின் ஆட்களும் நகரசபைத் தொழிலாளர்களும்தான் தெருத்தெருவாக எடுத்தார்கள். பிணத்துக்கு மதம் பார்த்துச் சங்கம் இருந்தது. உயிரோடு இருந்தபோது சோறு போடத்தான் அரசாங்கம் இல்லை. அந்த ஆண்டிலும் நகரத்தின் சின்னம் இதேதான். இடர்களுக்கு நடுவே உறுதியாய் நில்!

இந்தச் சின்னத்தையா நம் பிள்ளைகள் கையில் கொடுக்கப் போகிறோம்?

சின்னம் மாறியது, சேதி மாறியதா?

சுதந்திரத்துக்குப் பிறகு, 1961-இல், மாநகராட்சி பழைய வாசகத்தைக் கைவிட்டது. "புரஸ்ரீ விவர்த்தன்" என்ற புதிய வாசகம் வந்தது. நகரத்தின் எழிலைப் பெருக்குவோம் என்று பொருள் கொள்ளலாம். லத்தீன் போய் மக்கள் மொழி வந்தது முன்னேற்றம்தான். மறுக்கவில்லை. ஆனால் நகரத்தின் எழிலைப் பெருக்குகிறவர் யார், நேரடியாகவே தெருவைப் பெருக்குகிறவர் யார் என்ற கேள்விக்கு அந்தச் சின்னத்திலும் பதில் இல்லை.

இதில் வங்காளிகளை மட்டும் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. புலிக்கொடி, மீன்கொடி, விற்கொடி என்று மேடைக்கு மேடை மார் தட்டுகிறோம். மூன்றும் அரண்மனைக் கொடிகள். கல்லணையில் கல் சுமந்தவனுக்கு எந்தக் கொடி? பெரிய கோயிலின் உச்சிக் கல்லை ஏற்றியவனுக்கு எந்தக் கொடி? மன்னர்கள் மிருகத்தைப் போட்டார்கள், வெள்ளைக்காரன் பறவையைப் போட்டான். உழைத்தவனைப் போட எவருக்கும் இடம் போதவில்லை.

நான் வேலை பார்க்கும் ரயில்வேயும் இதற்கு விலக்கல்ல. 150 ஆண்டு நிறைவையொட்டி 2002-இல் ஒரு யானைக்கு கார்டு சட்டை மாட்டி, கையில் பச்சை விளக்குக் கொடுத்து, போலு என்று பெயர் வைத்துச் சின்னமாக்கினார்கள். குழந்தைகளுக்குப் பிடிக்கிறது, இருக்கட்டும். ஆனால் பெட்டிக் கழிவறையின் கீழே வெறும் ஓட்டை மட்டும் இருந்த அத்தனை ஆண்டுகளும், தண்டவாளத்தில் விழுந்ததை அள்ளியவர்கள் யானைகள் அல்ல. உயிரிக் கழிவறை எல்லாப் பெட்டிகளுக்கும் வந்தது நேற்று முந்தாநாள்தான். அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக அள்ளியவர்களின் கை எந்தச் சுவரொட்டியில் இருக்கிறது?

இன்றைய கணக்கு

"எல்லாம் பழைய கதை, இப்போது எதற்கு?" என்பவர்களுக்கு இன்றைய கணக்கைச் சொல்லுகிறேன்.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம். 2013-இல் அதைவிட வலுவான ஒரு சட்டம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலோ மலக்குழியிலோ ஆளை இறக்கினால் முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது 2013 சட்டம். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனம் ஏற்பட்டால் 20 லட்சம். காகிதத்தில் இத்தனையும் இருக்கிறது.

காகிதத்துக்கு வெளியே? 2021 பிப்ரவரியில் தெற்குக் கொல்கத்தாவில் குட்காட் பகுதியில் பாதாளச் சாக்கடை வேலைக்கு இறங்கிய நான்கு தொழிலாளர்கள் பிணமாக வெளியே வந்தார்கள். மால்டா மாவட்டத்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள். 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம், டில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, பெங்களூர், ஹைதராபாத் ஆகிய ஆறு பெருநகரங்களில் மனிதரைக் கொண்டு சாக்கடை சுத்தம் செய்வதையும் கையால் மலம் அள்ளுவதையும் நிறுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. நான்கு நாள் கழிந்தது. பிப்ரவரி 2 அன்று கொல்கத்தாவின் ஓரத்தில் பான்தலா தோல் தொழிற்பேட்டையில் மூன்று பேர் மேன்ஹோலில் விழுந்து மாண்டார்கள். உத்தரவின் மை உலரவில்லை, தோழர்களே!

மாண்டவர்கள் யார்? ஒப்பந்தக்காரரிடம் நாள் கூலிக்கு வந்தவர்கள். அவர்கள் பெயர் எந்த மாநகராட்சிப் பதிவேட்டிலும் நிரந்தரமாய் ஏறாது. வேலை கொடுத்தவர் யார் என்று கேட்டால் ஒப்பந்தக்காரர் உபஒப்பந்தக்காரரைக் காட்டுவார். அவர் மேஸ்திரியைக் காட்டுவார். மேஸ்திரி ஆளையே காணோம். ஒரு பறவை செத்தால் ஐம்பது ரூபாய் அபராதம் என்று அன்று சட்டம் நடந்தது. மனிதன் செத்தால் இரண்டு ஆண்டு சிறை என்று இன்று சட்டம் இருக்கிறது. நடக்கிறதா?

பட்டியலில் நம் சென்னையும் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். "கல்கத்தாக்காரன் மோசம், நம் ஊர் தேவலை" என்று யாரும் தப்பிக்க முடியாது.

அந்தப் பறவை இப்போது எங்கே?

பறவையைப் பற்றி ஒரு நல்ல சேதியும் சொல்லிவிடுகிறேன். கல்கத்தாவை விட்டுப் போன எலும்பு விழுங்கி இன்று உலகிலேயே அதிகமாக இருப்பது அசாமில். அசிங்கம் பிடித்த பறவை, அபசகுனம் என்று கிராமத்தார் கூடு கட்டிய மரங்களையே வெட்டினார்கள். பூர்ணிமா தேவி பர்மன் என்ற பெண் விஞ்ஞானி கிராமத்துப் பெண்களைக் கூட்டி, அவர்கள் கையாலேயே அந்தப் பறவையைக் காக்க வைத்தார். ஹர்கிலா சேனை என்று பெயர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். தறியில் நெய்யும் துணியில் அந்தப் பறவையின் உருவத்தையே போட்டு விற்கிறார்கள். 2022-இல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு அவருக்கு விருது கொடுத்தது.

அதே பறவைதான். அங்கே அதன் தலையிலும் மகுடம் இல்லை, தோளிலும் இல்லை. லத்தீனும் இல்லை. உழைக்கும் பெண்களின் கை இருக்கிறது. ஒரு சின்னம் யாருடையது என்பது அதில் எந்த உருவம் இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. யார் நெய்தார்கள், யாருக்காக நெய்தார்கள் என்பதைப் பொறுத்தது. கல்கத்தாச் சின்னம் அங்கே பிறந்ததல்ல. அரசியின் பெயரால் மேலிருந்து வந்தது.

இந்த நகரத்தின் கொடி வேறு ஒன்று உண்டு

"இந்த ஊருக்குப் பெருமை சேர்க்கும் கொடி ஒன்றாவது காட்டுங்கள்" என்று கேட்கலாம். காட்டுகிறேன்.

வங்கப் பிரிவினையை எதிர்த்த நாட்களில், 1906 ஆகஸ்ட் 7 அன்று, பார்சி பாகான் மைதானத்தில் மூன்று பட்டைக் கொடி ஒன்று ஏற்றப்பட்டது. தேசக் கொடியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். இந்த நகரத்துக்குக் கொடிப் பஞ்சம் கிடையாது.

ஆனால் நான் சொல்ல வருவது 1945 நவம்பர் 21. செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவத்தாரின் மீது வழக்கு நடந்துகொண்டிருந்தது. தமிழர்களுக்கு அந்த ராணுவம் அந்நியமானதல்ல. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்க் கூலிகள் கூட்டம் கூட்டமாய் அதில் சேர்ந்தவர்கள். கல்கத்தா மாணவர்கள் அவர்களை விடுவிக்கக் கோரி ஊர்வலம் போனார்கள். தர்மதலாவில் போலீஸ் மறித்தது. காங்கிரஸ் கொடி, முஸ்லிம் லீக் கொடி, செங்கொடி மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி அங்கேயே உட்கார்ந்தார்கள். துப்பாக்கிச் சூடு. மாணவர் மாண்டார்கள். மறுநாள் டிராம் தொழிலாளிகள் வண்டியை எடுக்கவில்லை. 1946 பிப்ரவரியிலும் ரஷீத் அலி என்ற ஐ.என்.ஏ. அதிகாரிக்கு விதித்த தண்டனையை எதிர்த்து அதே ஒற்றுமை மறுபடி தெருவுக்கு வந்தது.

கொடிகளைச் சேர்த்துக் கட்டிய அந்த முடிச்சுதான் இந்த நகரத்தின் கொடி என்று நான் சொல்லுகிறேன். எந்த அரசிதழிலும் பதிவாகாத கொடி. எந்த மன்னரும் வழங்காத கொடி.

கசப்பான மிச்சத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆறே மாதத்தில், 1946 ஆகஸ்ட் 16-இல், அதே தெருக்களில் அதே கொடிகளைத் தனித்தனியே பிடித்துக்கொண்டு மனிதனை மனிதன் வெட்டினான். ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். முடிச்சு அவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பாடம் வேண்டாம். தெருவில் கிடந்த பிணங்களையும் ரத்தத்தையும் அப்போதும் சுத்தம் செய்தவர்கள் அதே துப்புரவுத் தொழிலாளர்கள்தான்.

இனி செய்ய வேண்டியது

வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆகவே மூன்று யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று: மலர் அட்டையில் பறவையும் வேண்டாம், மகுடமும் வேண்டாம். மூன்று துணிகளின் நுனிகள் ஒரே முடிச்சாய்ச் சேர்ந்திருக்கும் படம் போதும். எந்தக் கட்சி நிறமும் வேண்டாம். நம் சங்கத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறோம். கீழே லத்தீன், சமஸ்கிருதம் எதுவும் வேண்டாம். தமிழிலும் வங்காளியிலும் இந்தியிலும் "நாம் கட்டிய நகரம்" என்று மட்டும் எழுதுவோம்.

இரண்டு: கொடி தைக்க ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு துண்டறிக்கை அச்சிடுவோம். 2013 சட்டம் என்ன சொல்கிறது, 30 லட்சம் நஷ்டஈட்டுக்கு யாரிடம் மனுக் கொடுப்பது, பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறங்கச் சொன்னால் எப்படி மறுப்பது என்று தமிழ், இந்தி, வங்காளி மூன்றிலும் இருக்கட்டும். மனு எழுதிக் கொடுக்க நம்மில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காருவோம். நான் உட்காருகிறேன். இன்னும் நான்கு பேர் கை தூக்கினால் வாரம் தவறாமல் நடத்தலாம்.

மூன்றாவது யோசனைதான் கடினமானது. நம் சங்க உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். குமாஸ்தா இருக்கிறார், ஃபிட்டர் இருக்கிறார், கடைக்காரர் இருக்கிறார், இட்லி வண்டிக்காரர் இருக்கிறார். துப்புரவு வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து எத்தனை பேர்? பொங்கல் விழாவுக்கு முந்தின நாள் மண்டபத்தைக் கழுவ அவர்களைக் கூப்பிடுகிறோம். பொங்கலன்று பந்தியில் எந்த வரிசையில் உட்கார வைக்கிறோம்? ஊரை விட்டு ஆயிரம் மைல் வந்தும் சேரியையும் தெருவையும் மூட்டை கட்டிக் கூடவே கொண்டு வந்தவர்கள் நாம். வடநாட்டான் நம்மை "மதராசி" என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டும்போது கோபம் வருகிறது. நம் சாக்கில் நாம் யாரை வெளியே தள்ளியிருக்கிறோம்?

இந்த ஆண்டு விழாவுக்கு அந்தக் குடும்பங்களின் வீட்டுக்குப் போய், வெற்றிலை பாக்கு வைத்து அழைப்போம். சந்தா வாங்கி உறுப்பினராக்குவோம். செயற்குழுவில் இடம் கொடுப்போம். விழா முடிந்த மறுநாள் மண்டபத்தை நாம் எல்லோரும் சேர்ந்து பெருக்குவோம். தலைவர் முதல் துடைப்பம் எடுக்கட்டும்.

பழைய சின்னத்தை ஆராய்ச்சி செய்கிறவர்கள் செய்யட்டும். அருங்காட்சியகத்தில் வைக்கட்டும். பிள்ளைகளைக் கூட்டிப்போய், "இதோ பார், வெள்ளைக்காரன் எந்த உயிருக்கு மகுடம் வைத்தான், எந்த உயிரை மறந்தான்" என்று காட்டுவோம். வரலாற்றைப் படிப்பது வேறு. அதைத் தோளில் தூக்கிச் சுமப்பது வேறு.

வரும் பொதுக்குழுவில் இதை ஓட்டுக்கு விட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெண் உறுப்பினர்களும் கட்டாயம் வர வேண்டும். வீட்டைப் பெருக்குவது யார் என்று நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.